பத்துத்தூணும் விளக்குத்தூணும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் எங்கள் மதுரைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அதில் ஒரு வரி: 'மதுரைக்காரர்களுக்குத் தங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையே கிடையாது.' இதைப் படித்த பிறகு காபி இறங்கவில்லை.

எனக்கு 62 வயது. புதன்கிழமை நானும் என் மதினியும் வீட்டில் உலை வைக்காமல் கிளம்பினோம். ஆறரை மணிக்குக் கீழமாசி வீதித் தள்ளுவண்டியில் பருத்திப்பால். அதைப் பசும்பால் பானம் என்று உங்கள் இணைப்பு சொல்கிறது. பருத்தி விதையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்த பால் ஐயா அது! கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்து கொதித்தால் தொண்டைக்குள் இதமாக இறங்கும். மாட்டுக்கும் அதற்கும் உள்ள ஒரே சம்பந்தம், பருத்தி விதையை மாடும் தின்னும் என்பதுதான்.

அப்புறம் கோயிலுக்குள் ஆடி வீதியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, கிழக்கே புது மண்டபம் பக்கம் வந்தோம். என் கல்யாண ரவிக்கை முதல் பேத்தியின் பட்டுப் பாவாடை வரை அந்தத் தூண்களுக்கு நடுவே தைத்தவை. தையல்காரர்களுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் மாற்று இடம் கொடுத்தார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் கொஞ்சம் மூச்சு விடட்டும், சரி. துணி கொடுத்துவிட்டு அந்த நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மாற்று இடம் எது?

அங்கிருந்து விளக்குத்தூண் வரை நடந்தோம். நடைபாதை முழுக்க பைக்குகள். இறங்கி நடந்தால் ஆட்டோக்காரர் திட்டுகிறார், ஏறி நடந்தால் சைலன்சர் சுடுகிறது. மதினிக்கு மூட்டு வலி. "ஏன் தாயி, பொறந்த ஊர்ல ஒக்கார ஒரு திண்ணை கூடவா இல்ல?" என்றாள். நாங்கள் எதுவும் சாப்பிடாத ஒரு கடையின் வாசல்படியில் உட்கார்ந்தோம், ஐந்தே நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும், வெட்கப்பட்டால் ஆகாது. பதினோரு மணிக்குக் கழிப்பறை தேடி அலைந்து, கடைசியில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுக்கிற மாதிரி மூன்றாம் மாடி ஏறினோம். சும்மா இறங்க மனசு வராமல் இரண்டு உள்பாவாடை வாங்கினோம். இது பற்றி இதே பகுதிக்கு முன்பே இரண்டு முறை எழுதினேன். இடமில்லை போலும். ஜிகர்தண்டா கிளாஸின் புகைப்படத்துக்கு மட்டும் அரைப் பக்கம் கிடைத்துவிடுகிறது.

ஆசை இல்லாமலா, மதியம் அயிரை மீன் குழம்புக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம்? சாயங்காலம் முள்ளுமுருங்கை அடை சுட்ட அம்மா, பச்சைப் பசேலென்று கல்லில் இருந்து எடுத்து, பொடி தூவி, இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். அதையும் நின்றுகொண்டேதான் தின்றோம். வீடு திரும்பும்போது ஆளுக்கு இரண்டு முழம் மல்லிகை. கால் வீங்கியது நிஜம், மனசு நிறைந்ததும் நிஜம். சுற்றிப் பார்க்க ஆசை இல்லையாம்!

இருக்கை கேட்டு உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன், அது உங்கள் கையில் இல்லை. இணைப்பில் வந்த ஒரு படத்தை மட்டும் திருத்துங்கள். பத்துத்தூண் என்று போட்டு நீங்கள் காட்டியிருப்பது விளக்குத்தூண். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு. பத்துத்தூண் நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய கல்தூண்கள், பக்கத்துச் சந்துக்குள் இருக்கிறது. பத்து என்று பெயரிலேயே இருக்க, படத்தில் ஒற்றைத் தூண் நிற்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லையா?

அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போதும்.

இப்படிக்கு,
தெற்கு மாசி வீதி வாசகி,
மதுரை.