ஒன்பதாம் படி

பாளையங்கோட்டை,
ஆனி 12

ஏலே சங்கரா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. சீரியல் வில்லிகளை இப்போது இன்னும் தெளிவாகத் திட்டுகிறாள். கொம்பையா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அந்த சைக்கிள் கடனை நீதான் அடைக்க வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பணகுடிப் பக்கம் கரண்டு எடுக்கிற எங்கள் காற்றாடிகளுக்குப் புது மென்பொருள் போட்டிருக்கிறார்கள். "இனிமே நீங்க சும்மா பாத்தா போதும் சார்" என்றான் போட வந்த பையன். சும்மா பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்கிரீன் வரைகிற உங்கள் தொழில்காரர்களுக்கு யாரும் சொல்லவே இல்லையா?

போன வாரம் நல்ல காற்று. ஒரு காற்றாடியில் கியர் ஆயில் சூடேறி நின்றிருக்கிறது. ஆறியதும் மென்பொருளே ஓட்டிவிட்டது. மறுபடி நின்றது, மறுபடி ஓட்டியது. என் திரையில் மட்டும் பச்சை! தன்னால் ஆகாது என்று ஆன பிறகு, நடுராத்திரியில் சிவப்பு: 'ஆபரேட்டர் கவனிக்கவும்'. என்னத்தைக் கவனிக்க? பதிவுகளைத் தோண்டிப் பார்ப்பதற்குள் விடிந்துவிட்டது. ஆயிலை ஆற்றுகிற கூலர் ஃபேன் மோட்டார் போயிருக்கிறது. சாயங்காலமே சொல்லியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பேன். காற்றுக் காலத்தில் ஒரு ராத்திரி நின்றால் எவ்வளவு யூனிட் போகும் தெரியுமா?

நீ பீற்றிக்கொள்ள அனுப்பிய கட்டுரைகளை அப்புறம்தான் படித்தேன். 1978இல் ஷெரிடன், வெர்ப்ளாங்க் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மனிதனுக்கும் கணினிக்கும் வேலை பிரித்துப் பத்துப் படி போட்டார்களே, அதில் ஆறாவது படியில் கணினி தான் செய்யப்போவதைச் சொல்லி, மறுக்கக் கொஞ்ச நேரம் தரும். ஏழில் செய்துவிட்டுக் கட்டாயம் சொல்லும். ஒன்பதில், தனக்குத் தோன்றினால்தான் சொல்லும். எங்கள் ஆள் ஒன்பதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காற்றுப் பக்கம் திரும்பித் திரும்பி விழுந்த கேபிள் முறுக்கைத் தானே பிரித்துக்கொள்வதற்கெல்லாம் என்னைக் கேட்க வேண்டாம், அதற்கு ஏழு போதும். கியர் சூட்டுக்கு ஆறு வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே படி போட்டால் எப்படி?

இன்னொன்று மனதை அரிக்கிறது. லேசான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அதனால் முடியாததை மட்டும் மனிதன் தலையில் கட்டுகிறோம், பழக்கம் விட்டுப்போன கையைத்தான் நெருக்கடியில் நம்புகிறோம் என்று லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1983லேயே எழுதிவிட்டார். எனக்காவது பழைய கை. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு காற்றாடியைக்கூடத் தன் கையால் நிறுத்தி ஓட்டியதில்லை. நான் ரிட்டையர் ஆனதும் அந்தச் சிவப்பு அவனுக்குத்தான் வரும். பாவம்லே.

நீயும் இதே மாதிரி ஸ்கிரீன்தானே வரைகிறாய்? ஆடி முடிவதற்குள் ஒரு ராத்திரி ஷிப்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார். வழக்கம்போல வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டு போன் போடாதே. முந்தின நாளே சொல்.

இசக்கி