கார்டு வாங்கும் முன் பவர் சப்ளையைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

பழைய கம்ப்யூட்டரில் கேம் ஆட எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது, அதுவும் வீணாகிவிடக் கூடாது என்ற கவலை உன் கேள்வியிலேயே தெரிந்தது. அதனால் முதலில் கேபினெட்டைத் திறந்து, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையைப் பார். உனக்கு எந்த கார்டு சரிப்படும் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும்.

உன்னிடம் இருப்பது அலுவலகத்தில் ஓடிய நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 புராசசர் உள்ள மெஷின். இந்த வகை மெஷின்களில் சின்ன பவர் சப்ளைதான் வைத்திருப்பார்கள். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகப் போகும் 6 பின், 8 பின் ஒயர் பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். 6 பின் ஒயர் இருந்தால் மேலும் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஒயர் இல்லையென்றால் உனக்கு அந்த 75 வாட்தான் எல்லை. அதற்குள் அடங்கும் நல்ல கார்டுகள் உண்டு: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி.

ஆர்எக்ஸ் 6400 இன்னும் குறைவான மின்சாரத்தில் ஓடும். ஆனால் அது ஸ்லாட்டில் 4 லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு. உன் போர்டின் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை, கார்டோ 4.0க்கானது என்பதால் அந்த 4 லேனும் பாதி வேகத்தில்தான் ஓடும். 4 ஜிபி மெமரி நிரம்பும் கேம்களில் இந்தக் குறை நன்றாகவே தெரியும். உனக்கு அது வேண்டாம்.

ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் ஒயரை 6 பின்னாக மாற்றித் தரும் அடாப்டரை யாராவது சிபாரிசு செய்வார்கள். தயவுசெய்து வாங்காதே. சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் தாங்குவது 54 வாட்தான். 75 வாட் இழுத்தால் சூடேறி உருகலாம். சரி, பவர் சப்ளையையே மாற்றிவிடலாமா என்றால், பல அலுவலக மெஷின்களின் போர்டில் வழக்கமான 24 பின் இணைப்பு இருக்காது. புதிதாக வாங்கியதை அப்படியே செருக முடியாது. கேபினெட் ஒல்லியானது என்றால் பாதி உயர கார்டுதான் உள்ளே போகும், அதையும் அளந்து வை.

அப்புறம் ராம். உன்னிடம் 8 ஜிபி ஒற்றை ஸ்டிக்காக இருந்தால், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் போடு. அளவு கூடுவதோடு, ராமுக்கும் புராசசருக்கும் இடையே உள்ள இரண்டு பாதைகளும் (சேனல்) வேலை செய்வதால் ஆட்டத்தின் நடுவே வரும் திக்கல் குறையும். ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும், ஆனால் ஃபிரேம் எண்ணிக்கை (ஒரு நொடியில் திரையில் வரும் படங்கள்) அதிகமாகாது. இருந்தாலும் ஹார்டு டிஸ்கோடு இனி காலம் தள்ள வேண்டாம்.

புராசசரை இப்போது தொடாதே. கார்டு போட்ட பிறகு ஒரு சோதனை செய்: கேமின் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பார். ஃபிரேம் கூடினால் கார்டுதான் திணறுகிறது. அப்படியே நின்றால் பெரும்பாலும் புராசசர். அப்போது அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ7-4770 மலிவாகக் கிடைத்தால் யோசிக்கலாம். 4 கோர்தான் என்றாலும் 8 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 8 வேலைகளைக் கவனிக்கும். உன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம்தான் காட்டும் என்பதால் 60 ஃபிரேம் நிலையாக வந்தாலே போதும், 100க்கு ஆசைப்பட்டுச் செலவழிக்காதே.

இதற்கு மேல் இந்த போர்டில் ஒரு காசும் போடக் கூடாது என்பதுதான் என் கருத்து. கார்டும் எஸ்எஸ்டியும் அடுத்த கம்ப்யூட்டருக்கும் உன்னோடு வரும். டிடிஆர்3 ராமும் இந்த சாக்கெட்டின் புராசசரும் வராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 உன் புராசசரை அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. ஆக, இந்த மெஷினுக்கு இன்னும் சில காலம்தான்.

பவர் சப்ளை மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்ப் என்று தெரிய வேண்டும். ஸ்லாட்டையும் கேபினெட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து எடு. அதைப் பார்த்துவிட்டு எந்த மாடல் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்