முதலில் டேங்க், அப்புறம் ஃபில்டர்

அன்புள்ள சேகர்,

மகளுக்கு மலாயா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். விருந்து பாக்கி, மறந்துவிடாதே.

அப்புறம், நம் தோட்டப் பள்ளிக்குப் புது வாட்டர் ஃபில்டர் வாங்கித் தரலாம் என்று கேட்டிருந்தாயே, நல்ல எண்ணம்தான், ஆனால் இப்போதைக்கு வேண்டாம்டா. நீ சொன்ன பிறகு கெப்பாலா பத்தாஸ் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீச்சல் குளத்துச் சாமான் விற்கும் கடையில் குளோரின் சோதிக்கிற மாத்திரை கிடைக்கும், அதை வாங்கிப் போயிருந்தேன். மீட்டர் பக்கத்துப் பைப்பில் பிடித்த தண்ணீரில் போட்டதும் நல்ல ரோஸ் நிறம், அதாவது குளோரின் இருக்கிறது. கேண்டீன் ஓரத்தில் இருக்கிற, ஃபில்டர் வைத்த கூலர் தண்ணீரிலோ நிறமே ஏறவில்லை.

காரணம் இதுதான்: கார்பன் ஃபில்டர் வாடையை எடுக்கும்போது குளோரினையும் சேர்த்து எடுத்துவிடும். கிருமியைக் கொல்லும் குளோரின் இல்லாத அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்க, பள்ளி விடுமுறை என்றால் வாரக்கணக்கில், உள்ளேயே நின்றால் கிருமி வளராமல் என்ன செய்யும்? ஃபில்டருக்குள் இருக்கிற கார்ட்ரிட்ஜ் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நன்கொடை கொடுத்தவர் பெயர் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

டேங்க் இன்னும் மோசம். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நிரம்பி வழிகிற குழாயில் வலை இல்லை, அடியில் பழுப்புச் சேறு, அதில் பல்லி முட்டை ஓடு. பினாங்குத் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றில் எடுத்துச் சுத்தம் செய்து அனுப்புவதுதானே, கேட் வரைக்கும் ஒழுங்காகத்தான் வருகிறது. கெடுவது நம் பள்ளி வளாகத்துக்குள்.

அதனால் ஒரு சனிக்கிழமை நாலு பேர் போய்ச் சேற்றை வாரித் தேய்த்துக் கழுவிவிட்டு, டேங்கை நிரப்பி, 1,000 லிட்டருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் ஒரு லிட்டர் ஊற்றி 24 மணி நேரம் விட வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பைப்பையும் திறந்து முழுக்க வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடலாம். பிறகு குடிக்கிற பைப்பில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கூலரை அதுவரை மூடி வைத்துவிட்டு, கேண்டீன் அக்கா தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றித் தரட்டும், பிள்ளைகள் சொந்தப் போத்தலில் பிடித்துக்கொள்வார்கள்.

ஃபில்டருக்கு வைத்திருக்கிற பணத்தை வருஷா வருஷம் டேங்க் கழுவவும் கார்ட்ரிட்ஜ் மாற்றவும் ஒதுக்கலாமா? தலைமையாசிரியரிடம் ஜாடையாகப் பேசினேன், அவருக்குச் சம்மதம்தான். நம் ஆட்களிடம் நீயே சொல்லிவிடு, நான் சொன்னால் கஞ்சன் என்பார்கள். கோலாலம்பூரிலிருந்து எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்று சொல், ஏணிக்கு ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
குமார்
பட்டர்வொர்த்