ஏழு மீட்டருக்குள் ஒரு வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ வரைந்த பிளான் திரும்பி வந்துவிட்டதாக அக்கா போனில் சொன்னாள். 7 மீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது, ஹாகா என்கிற மலைப்பகுதி பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேறு, கேட்காமல் ஜேசிபி இறக்கக்கூடாது, இதற்குள் என்னத்தை வரைவது என்று கத்தினாயாம். நானும் கத்தியவன்தான். 2009 நவம்பர் மழையில் நம் நீலகிரி மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் அந்த 7 மீட்டரைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

முன்பு குன்னூரில் எனக்கு ஒரு மனை வந்தது. ரோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கும். வீட்டுக்காரருக்கு மூன்று மாடி வேண்டும், ராத்திரியில் மேட்டுப்பாளையம் விளக்குகள் தெரிய வேண்டும். சரிவை வெட்டிச் சமமாக்கி முதல் பிளான் போட்டேன். மேஸ்திரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலை எடுத்தார், மேலிருந்து கீழே முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனார். குச்சிகள் படிக்கட்டு மாதிரி நின்றன. வீட்டையும் அப்படியே போட்டோம்: மூன்று படி, கீழ்ப்படியின் மொட்டை மாடி மேல்படிக்கு முற்றம். எங்கே நின்று அளந்தாலும் 7 மீட்டர் தாண்டாது. விளக்குகள் மூன்று படியிலும் தெரிந்தன.

அதில் நான் சொதப்பியதும் உண்டு. குளியலறையைக் கடைசிப் படியில் வைத்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி முட்டியைப் பிடித்துக்கொண்டு பதினோரு படிக்கட்டு இறங்கும்போதெல்லாம் என்னைத் திட்டினார். பாட்டியின் முட்டி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. பிறகு ரோட்டு மட்டத்து அறையை அவருக்குக் கொடுத்து, பக்கத்திலேயே இன்னொரு குளியலறை கட்டினோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் மலை ரயிலைப் பார். கல்லார் ஸ்டேஷன் தாண்டினால் 12 அடிக்கு 1 அடி வரை ஏற்றம், வெறும் சக்கரம் வழுக்கும். அதற்காக மலையைத் தட்டையாக்கவா முடியும்? தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டையைப் பதித்தார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு 1899லேயே குன்னூர் வந்துவிட்டது.

எல்லா விதிக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரே பிளானை எத்தனை நகல் கேட்கிறார்கள், அது எதற்கென்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளானை எடுத்துக்கொண்டு வா. சரிவின் லெவல் எடுத்தாயா? காகிதத்தில் மனை தட்டையாக இருந்தால் திரும்பத்தான் வரும். என் டியூப் லெவல் பரணில் கிடக்கிறது. அத்தையிடம் கேட்காதே, குப்பையைச் சேர்க்கிறார் என்று ஆரம்பித்துவிடுவாள்.

அன்புடன்,
மாமா