மருந்துச் சீட்டின்றிக் கைமாறும் மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களின் விறைப்புத்தன்மைக் குறைபாட்டுக்காகத் தரப்படும் சில்டெனாபில், டடலாபில் முதலிய மாத்திரைகள் சென்னையின் பல மருந்துக்கடைகளில் மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே கிடைக்கின்றன என்பது ஊரறிந்த செய்தி. குடும்பத்தோடு படிக்கும் நாளிதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தின் மறைவில்தான் இந்த விற்பனையே நடக்கிறது என்பதால், அரசு மருத்துவமனையிலும் ஓய்வுக்குப் பின் தனியார் மருந்துக்கடையிலும் மருந்தாளுநராகப் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

வாங்க வருபவர், கடையில் பெண்கள் யாராவது நின்றால் சற்றுத் தள்ளிப் போய் நிற்பார். கூட்டம் கலைந்ததும் வந்து, கைபேசியில் வைத்திருக்கும் ஒரு படத்தையோ சட்டைப் பையிலிருந்து எடுத்த காலி அட்டையையோ காட்டுவார். கடைப் பையன் ஒரு வார்த்தையும் பேசாமல், நான்கு மாத்திரை கொண்ட அட்டையில் இரண்டைக் கத்தரித்து, காகித உறையில் போட்டு நீட்டுவான். பில் கிடையாது. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும்; எத்தனை மில்லிகிராம் என்பதும் காலாவதித் தேதியும், மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பெரும்பாலும் கடையில் தங்கிவிட்ட மறுபாதியோடு போயிருக்கும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தக் கொடுக்கல் வாங்கலில், கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: "நெஞ்சுவலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதை அறிய, அந்த மருந்து வந்த வழியைப் பார்த்தால் போதும். இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான சில்டெனாபில், முதலில் இதய நெஞ்சுவலிக்கான மருந்தாகத்தான் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. அந்த வேலைக்கு அது பெரிதாக உதவவில்லை. சோதனையில் பங்கேற்ற ஆண்கள் சொன்ன பக்கவிளைவுதான் அதன் போக்கை மாற்றியது. 1998 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வயாகரா என்ற பெயரில் அதை ஏற்றுக்கொண்டது. பாலுணர்வு தூண்டப்படும்போது நரம்பு முனைகளிலும் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. அதனால் உருவாகும் சி.ஜி.எம்.பி. என்ற பொருள் குழாய்களைத் தளர்த்தி, ஆணுறுப்புக்குள் ரத்தம் பாய வழிவிடுகிறது. அந்தப் பொருளைச் சிதைக்கும் பி.டி.இ.5 என்ற நொதியை இந்த மாத்திரைகள் தடுத்துவைக்கின்றன. அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஆசையை அவை உண்டாக்குவதில்லை, தூண்டுதல் இல்லாதவரிடம் பலன் தருவதும் இல்லை. நெஞ்சுவலிக்காக நம் வீடுகளில் சார்பிட்ரேட் என்ற பெயரில் பழகிப்போன ஐசோசார்பைடு டைநைட்ரேட்டும் நைட்ரோகிளிசரினும் இதே நைட்ரிக் ஆக்சைடு வழியில்தான் ரத்தக்குழாய்களை விரிக்கின்றன. ஒரு மருந்து சி.ஜி.எம்.பி.யைப் பெருக்க, மற்றொன்று அதைச் சிதையவிடாமல் வைத்திருக்க, இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி, மயக்கத்திலும் மாரடைப்பிலும் மரணத்திலும்கூட முடியலாம். ஆகவே நைட்ரேட் எனப்படும் இந்த வகை நெஞ்சுவலி மருந்துகளை வாடிக்கையாகவோ எப்போதாவதோ சாப்பிடுபவர்கள் விறைப்புக்கான மாத்திரைகளைத் தொடவே கூடாது. நிக்கோராண்டில் என்ற மற்றொரு நெஞ்சுவலி மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

ஐம்பது வயதைக் கடந்த ஆண்கள் பலரின் சட்டைப் பையில், நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன மாத்திரை இருக்கிறது. அதன் பெயர் தெரியாதவர்களே அதிகம். "ஹார்ட் மாத்திரை" என்பதோடு நின்றுவிடும். அதைவிடக் கவலை தருவது இதய நோய் இருப்பதையே அறியாதவர்களின் நிலை. அப்படி ஒருவர் மாத்திரை சாப்பிட்ட இரவில் நெஞ்சுவலியால் துடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் பதறிப்போய், அப்பாவுக்கோ மாமாவுக்கோ வாங்கி வைத்த சார்பிட்ரேட்டை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைப்பார்கள். அவரோ, மனைவிக்கும் மகனுக்கும் தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்க மாட்டார். சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரமும், டடலாபில் சாப்பிட்டு 48 மணி நேரமும் ஆகும்வரை நைட்ரேட் மருந்தைத் தரக் கூடாது என்பது மருத்துவர்கள் அறிந்த விதிதான். ஆனால் நோயாளி சொன்னால்தானே அந்த விதியைப் பின்பற்ற முடியும்? 108 ஊழியரிடமும் அவசரப் பிரிவு மருத்துவரிடமும், மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட நேரத்தையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டார் முன் சொல்ல முடியாவிட்டால், அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டாவது சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இந்த மருந்துகளே ஆபத்தானவை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். உரியவருக்கு உரிய அளவில் தரப்படும்போது இவை பாதுகாப்பானவை. லட்சக்கணக்கான குடும்பங்களில் நிம்மதியைத் திருப்பித் தந்தவை. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, வயிற்று எரிச்சல் ஆகியவைதான் பலருக்கும் வரும் தொல்லைகள். பார்வை திடீரென்று மங்கினாலோ, காது கேட்காமல் போனாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அளவை முடிவு செய்வதும் கடைக்காரரின் வேலை அல்ல. சில்டெனாபில் 25, 50, 100 மில்லிகிராம் அளவுகளில் வருகிறது. வயதானவர்களுக்கும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பெரிதும் பழுதுபட்டவர்களுக்கும், புராஸ்டேட் வீக்கத்துக்காக டாம்சுலோசின் போன்ற மருந்து சாப்பிடுபவர்களுக்கும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்குவார்கள். கடையிலோ எடுத்த எடுப்பில் நூறு. கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பிறகு சாப்பிட்டால் சில்டெனாபில் வேலை செய்யத் தாமதமாகும் என்பதையும் சொல்வார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பிரியாணிக்குப் பின் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பலன் தெரியவில்லை என்று இன்னொன்றையும் விழுங்கும் ஆள், 24 மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்ற எல்லையைத் தன்னை அறியாமலேயே தாண்டிவிடுகிறார்.

சீட்டு வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு மருந்தின் ஆபத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விறைப்புக் குறைபாடு பல நேரங்களில் தனி நோயாக வருவதில்லை. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டு செல்லும் தமனிகள் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. இதயத் தமனிகளோ மூன்று, நான்கு மில்லிமீட்டர். உடம்பெங்கும் கொழுப்பு படியும்போது, வீட்டுக் குழாய்களில் சிறியதே முதலில் அடைபடுவதைப் போல, இந்த மெல்லிய தமனிகள்தான் முதலில் அடிவாங்குகின்றன. இதயத்தில் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே இந்தக் குறைபாடு பலருக்குத் தலைகாட்டுகிறது. நீரிழிவு என்றால் ரத்தக்குழாய், நரம்பு இரண்டும் ஒருசேரப் பாதிக்கப்படுகின்றன. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அந்த ஆய்வை நடத்தியதில் முன்னின்றது நம் சென்னை நிறுவனம் ஒன்றுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. என்று ஒரு நாளில் முடிந்துவிடும் பரிசோதனையால் தெரியவந்திருக்கும் இதய நோயை, கத்தரித்த அட்டையிலிருந்து வரும் இரண்டு மாத்திரைகள் மூடி மறைத்துவிடுகின்றன. புகைப்பது, ரத்த அழுத்த மருந்துகளில் சில, மன அழுத்தம், தூக்கமின்மை என்று திருத்தக்கூடிய காரணங்களும் பல உண்டு. இளைஞர்களிடம் பெரும்பாலும் பதற்றம்தான் காரணம்; அவர்களுக்குத் தேவை மாத்திரையைவிடப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு மருத்துவர்.

மருத்துவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நீரிழிவுக்காக மாதந்தோறும் வரும் ஆணிடம் பாதத்தில் எரிச்சல் உண்டா, கண் பரிசோதித்தீர்களா என்றெல்லாம் கேட்பவர்கள், இதை மட்டும் கேட்பதில்லை. நோயாளியாகச் சொல்லட்டும் என்று மருத்துவரும், மருத்துவராகக் கேட்கட்டும் என்று நோயாளியும் காத்திருக்க, இடையில் கடைப் பையன் மருத்துவராகிவிடுகிறான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாகச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வாசலில் நின்று இதைக் கேட்க முடியாதுதான். ஆனால் அந்த நோயாளிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் நாளில் மருத்துவர் தனியறையில் கேட்கும் கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்வதற்கு அரசுக்கு ஒரு காசும் செலவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. இந்த மருந்துகளின் அட்டையிலேயே அட்டவணை எச் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக் கூடாது என்பதே அதன் பொருள். 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரிடம் மட்டுமே ஒப்படைத்திருக்கிறது. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. என் தொழிலைச் சேர்ந்தவர்களே மன்னிக்க வேண்டும்: சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழுக்கு உரியவர் கடையில் இல்லாத இடங்கள் எத்தனை என்பது நமக்குத் தெரியாததல்ல.

இன்னொரு பக்கம், பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களிலும் மின்சார ரயில் பெட்டிகளிலும் ஒட்டப்படும் சுவரொட்டிகள். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் தங்கியிருப்பார், ஆண்மைக்குறைவு நிரந்தரமாகக் குணமாகும் என்பார்கள். பாலுறவுத் திறனைக் கூட்டும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடைசெய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த முறையில் சிகிச்சை பெற விரும்புவோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனையும் இருக்கின்றன. மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் இத்தகைய பொடிகளிலும் மாத்திரைகளிலும் சில்டெனாபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்து வருகிறது. இங்கிலீஷ் மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒதுங்கிய இதய நோயாளி, பச்சிலை என்று நம்பி அதே மருந்தை, அளவும் தெரியாமல் விழுங்குகிறார்.

இந்தக் கூச்சத்தால் ஆண்கள் மட்டும் அல்லல்படவில்லை. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்த குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் சில்டெனாபிலைக் குறைந்த அளவில் மருத்துவர்கள் தருகிறார்கள். கைக்குழந்தைக்காகச் சீட்டோடு வந்த ஒரு தாய், கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததைச் சொல்லி என்னிடம் அழுதிருக்கிறார். சீட்டே இல்லாதவருக்கு மறுபேச்சில்லாமல் தருபவர்கள், முறையான சீட்டோடு வந்தவரைக் கூனிக்குறுக வைக்கிறார்கள்.

நேரில் போக வெட்கப்படுவோருக்கு வழி இல்லாமல் இல்லை. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி மருத்துவர் காணொலியில் விசாரித்துச் சீட்டு எழுதலாம். மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை இலவசமானது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் சிறுநீரியல் (யூராலஜி) புறநோயாளிகள் பிரிவுக்கு இந்தக் குறையோடு போகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு வேண்டுகோள். திடீர்ச் சோதனை, சுற்றறிக்கை என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஆய்வுக்குப் போகும் அதிகாரி, இந்த ஒரு மருந்துக்கு மட்டும் மொத்த வியாபாரியிடமிருந்து கடைக்கு வந்த அட்டைகளின் எண்ணிக்கையையும், அலமாரியில் உள்ள இருப்பையும், பில் போட்டு விற்ற கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கணக்கில் வராத அட்டைகள் எங்கே போயின என்று உரிமதாரரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 11.