அரை தோசையில் வயிறு நிறைந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல வருடமாக இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ள என் அம்மா அரை தோசையிலேயே தட்டைத் தள்ளிவிடுவார், காலையில் சாப்பிட்டது சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும், நாங்களோ வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரைப்பை எவ்வளவு விரிந்தது, குடலுக்குச் சத்து வந்ததா என்று மூளைக்குச் சொல்ல, மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் தனித்தனி உணர்வு செல்கள் உண்டு. இதை 2016இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள். சத்து வந்த சேதி போனதும் இரைப்பை வேகத்தைக் குறைக்கும். நீண்ட நாள் கட்டுப்படாத சர்க்கரை இந்த வேகஸ் நரம்பையே கெடுத்துவிடும், அப்புறம் சாப்பாடு இரைப்பையிலேயே தேங்கும். கிளினிக்கில் கண், பாதம் பார்க்கிறார்கள், சரி, "சீக்கிரம் வயிறு நிறைகிறதா?" என்றும் கேட்கலாமே! உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதை விரிவாக எழுதுங்கள்.

- ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு