வன்னியில் செய்தியாளர் வைத்திருக்கும் ஆசிரியபீடங்களுக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

முல்லைத்தீவுக் காணிச் செய்தி ஒன்று வெளியானால் தெற்கில் அதற்குப் பெயர் ‘புலி ஊடகம்’. உள்ளூரில், எந்தக் கட்சிக்கு அது கசக்கிறதோ அந்தக் கட்சிக்காரர் ‘காசுக்கு எழுதினது’ என்பார். தலையங்கத்தில் எவ்வளவு சீறினாலும் ஏற்கனவே நம்புகிறவர்தான் தலையாட்டுவார். சந்தேகப்படுகிறவருக்குக் கடிதத்தையும் வர்த்தமானியையும் (அரசின் அறிவித்தல் இதழ்) காட்டவேண்டும்.

அதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சறுக்குவது பெரும்பாலும் கேள்வியில்தான். ‘வயலுக்குள் ஏன் எல்லைக்கல் நட்டீர்கள்?’ என்று கேட்டால், விளக்கம் தரமுடியாது என்று திருப்பிவிடுவார்கள். வர்த்தமானி இலக்கம், நில அளவை வரைபடம், பிரதேச செயலகத்துக்குப் போன கடிதத்தின் பிரதி என்று ஆவணத்தைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. கையளித்ததை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்காமல் கந்தோரை விட்டு வரக்கூடாது. முடிவு சொல்லத் தகவல் அலுவலருக்கு 14 வேலைநாள். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதில் வராவிட்டாலும் இதே வழிதான். அந்த மௌனத்தைத் திகதிகளோடு போட்டால் அதுவும் செய்தி.

எண்ணிக்கையில் இன்னும் கவனம் வேண்டும். முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குடிநீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. இப்படியான அகழ்வில் மண்ணுக்குள் இருப்பதாக அடையாளம் கண்ட எச்சங்கள் ஒரு கணக்கு, முழுமையாக வெளியே எடுத்தவை வேறு கணக்கு. எது எது, சொன்னவர் சட்ட வைத்திய அதிகாரியா, சட்டத்தரணியா, எத்தனை மணிக்கு என்று எழுதாவிட்டால், அடுத்தநாள் எண் மாறும்போது முழுச் செய்தியையும் பொய்யாக்கிவிடுவார்கள்.

பிழை வந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். பழைய பக்கத்தின் படம் வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். திருத்தம் அதே தலைப்பின் கீழ், முதல் வரியில், நேரத்தோடு வரட்டும். கட்சி அனுப்பிய அறிக்கைக்கு ‘கட்சி அறிக்கை’ என்றே போடுங்கள். செய்தியாளர் பெயர் வேண்டாம். செய்திக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வைத்தால் அறிக்கைதான் செய்தியாக வரும், அதில் வியப்பில்லை. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலையும் போக்குவரத்துச் செலவை நீங்கள் கொடுக்கவேண்டும்.

விசாரணைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால், அழைப்பை எழுத்தில், தமிழில் கேட்கச் சொல்லுங்கள். சட்டத்தரணியை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. தகவல் தந்தவரின் பெயர் செய்தியாளரின் கைபேசியில் இருக்கக்கூடாது. ஆசிரியபீடம் கைவிட்ட செய்தியாளரிடம் ஊரில் யாரும் அடுத்த தகவலைச் சொல்லமாட்டார்கள்.

இப்படிக்கு,
வன்னிச் செய்திகளைச் சரிபார்க்கும் சிலர்